கொரிய நாட்டுக் கால்வித்தை

தில்லி, மும்பை, புணே, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவரின் குழந்தைகள், மாலை வேளைகளில் வெண்ணிற உடை தரித்து, இடையில் வண்ணக் கச்சை கட்டிக்கொண்டு, குடியிருப்புச் சங்கக் கூடத்திற்கோ பள்ளி மைதானத்திற்கோ ஓடுவதை இன்று பரக்கக் காண்கிறோம். அவர்கள் பயில்வது பெரும்பாலும் கராத்தே, அல்லது டேக்வாண்டோ. முன்னது ஜப்பானிலிருந்து வந்தது. பின்னது கொரியாவிலிருந்து வந்தது. டேக்வாண்டோ பயிலும் பிள்ளை வீடு திரும்பியதும், "இந்தக் கலைக்கு வயது இரண்டாயிரம்" என்று கூடத்தில் கேட்டதை நம்மிடம் ஒப்பிக்கிறது. பழமை என்றாலே உவகை கொள்ளும் இயல்பினர் நாம். ஆகவே தலையசைத்து விடுகிறோம். அக்கூற்றில் மெய் எவ்வளவு, புனைவு எவ்வளவு, அப்புனைவு ஏன் பிறந்தது என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலில் அப்பயிற்சி எத்தகையது என்று பார்க்கலாம். 'டே' என்பது காலால் உதைப்பதையும், 'க்வான்' என்பது முட்டியால் குத்துவதையும், 'டோ' என்பது நெறியையும் குறிக்கும். பயிற்சிக்கூடத்திற்குத் தோஜாங் என்றும், உடைக்குத் தோபோக் என்றும் பெயர். மாணவர் தத்தம் தரத்திற்கேற்ப வரிசையில் நிற்பர். 'சாரியோத்' என்றால் நிமிர்ந்து நிற்றல். 'க்யோங்னே' என்றால் குனிந்து வணங்குதல். பிறகு 'ஹானா, துல், செத், நெத்' என்று கொரிய மொழியிலேயே எண்ணிக்கொண்டு குத்தும், தடுப்பும், உதையும் பலமுறை பழகுவர். இடையிடையே எழும் கூச்சலுக்குக் கிஹாப் என்று பெயர். இது வெறும் ஆரவாரம் அன்று. அடி விழும் கணத்தில் மூச்சை வேகமாக வெளிவிட்டு, வயிற்றுத் தசைகளை இறுக்கிக்கொள்வதற்கான உபாயம் அது.

உதைதான் இக்கலையின் உயிர். பக்கவாட்டில் சுழன்று விழும் உதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்ப்பவருக்குக் கால் மட்டும் பறப்பதாகத் தோன்றும். உண்மையில் முதலில் உயர்வது முழங்கால். அடுத்து, ஊன்றி நிற்கும் பாதம் தரையில் சுழன்று, அதன் குதிகால் எதிரியை நோக்கித் திரும்ப வேண்டும். அதனோடு இடுப்பு திரும்பும். இவ்வளவும் நடந்த பின்னரே முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி சாட்டை நுனிபோல் விரிந்து, புறங்கால் இலக்கில் படும். ஊன்றிய பாதம் திரும்பாமல் உதைக்கும் பிள்ளைக்கு நாளடைவில் முழங்கால் வலி வரும், உதையிலும் வலுவிராது. நல்ல ஆசான் மாணவனின் உயர்ந்த காலைப் பார்ப்பதில்லை, தரையில் நிற்கும் காலையே பார்ப்பார். பெற்றோர் கூடத்தின் தரத்தை அறிவதற்கு இதைவிட எளிய வழி நமக்குத் தெரியவில்லை.

அடிப்படைப் பயிற்சிக்கு அப்பால் 'பூம்சே' என்றொரு பகுதி உண்டு. மாணவன் தனித்து நின்று, கற்பனை எதிரிகள் பலரோடு பொருவதுபோல், வகுக்கப்பட்ட அசைவுகளை வரிசை பிறழாமல் செய்து காட்டுவது இது. நம் சிலம்ப ஆட்டத்தில் ஒருவரே நின்று வரிசை போடுவதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். கருங்கச்சைக்கு முன் பயில வேண்டியவை 'தேகுக்' எனப்படும் எட்டு வரிசைகள். தென்கொரியக் கொடியின் நடுவே சிவப்பும் நீலமுமாகச் சுழலும் வட்டத்திற்கும் அதுவே பெயர். ஒவ்வொரு வரிசைக்கும் மும்மூன்று கோடுகளால் ஆன குறியொன்று உரியது. அவ்வெட்டில் நான்கு குறிகள் அக்கொடியின் மூலைகளில் உள்ளன. பிறகு இருவர் எதிர்நின்று பொருதும் 'க்யோருகி'. பலகை உடைக்கும் 'க்யோக்பா'. பலகையின் நார் ஓடும் திசையிலேயே அது பிளக்கும் என்பதை அறிந்து பலகையைப் பிடித்தல் வேண்டும். எனவே, பிடிப்பவனுக்கும் அதில் பங்குண்டு. கச்சையின் நிறங்கள் வெள்ளையில் தொடங்கிக் கருமையில் முடிகின்றன. கருங்கச்சைக்குப் பின்னும் 'தான்' எனப்படும் படிகள் உள. பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கு அதன் இடத்தில் 'பூம்' என்ற படி வழங்கப்படும். சில கூடங்கள் நிறம் மாற்றுவதையே வருவாயாகக் கொண்டிருப்பது எல்லா நகரங்களிலும் உள்ள குறை. அதை இங்கு விரிக்கப் புகவில்லை.

நிற்க. இனி வயதுக்கு வருவோம்.

இரண்டாயிரம் ஆண்டு என்போர் காட்டும் சான்றுகள் மூன்று. முதலாவது, கோகுரியோ அரசின் காலத்துக் கல்லறை ஓவியங்கள். இன்று சீன எல்லைக்குள் இருக்கும் ஜியான் நகருக்கருகே அமைந்த அக்கல்லறைகளில், இருவர் மற்போர் புரிவதையும், இருவர் கைகளை நீட்டி எதிரெதிரே நிற்பதையும் தீட்டியிருக்கின்றனர். இரண்டாவது, சில்லா அரசின் 'ஹ்வாராங்' எனும் உயர்குடி இளைஞர் குழு. மூன்றாவது, 1790-ஆம் ஆண்டில் ஜோங்ஜோ மன்னரின் ஆணையால் எழுதப்பட்ட 'முயே தோபோ தோங்ஜி' என்ற படைக்கலை நூல்.

இவை மூன்றும் உண்மையானவையே. ஆயின், அவை எதை மெய்ப்பிக்கின்றன? ஓவியம், அக்காலத்தவர் மற்போர் செய்தனர் என்று காட்டுகிறது. அது எந்நாட்டவரும் செய்ததே. ஹ்வாராங் இளைஞரைப் பற்றி விரிவாகச் சொல்லும் பழங்கொரிய வரலாற்று நூல்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. அவை அவர்களுடைய விசுவாசத்தையும், இசையையும், மலைப் பயணங்களையும், போரில் புறங்காட்டாமையையும் புகழ்கின்றன. உதைக்கலை எதையும் அவர்கள் பயின்றதாகக் கூறவில்லை.

மூன்றாவது சான்றுதான் சுவையானது. அந்நூலில் 24 வகைப் போர்முறைகள் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஆயுதமின்றிப் பொருவது ஒன்றே ஒன்று. அப்பகுதியும் சீனத்து மிங் காலப் படைத்தலைவர் சி ஜிகுவாங் எழுதிய நூலை அடியொற்றியது. வாட்பயிற்சிப் பகுதிகளில் ஜப்பானிய வாள்முறையும் இடம் பெற்றுள்ளது. 1592-இல் படையெடுத்து வந்து நாட்டைச் சூறையாடிய பகைவரின் வாள்முறை அது! நூலைத் தொகுத்த யி தோக்மு, பாக் ஜேகா, பேக் தோங்சு ஆகியோர் இவற்றை மறைக்கவில்லை. இது சீனரிடமிருந்து வந்தது, இது ஜப்பானியரிடமிருந்து வந்தது என்று மூலத்தைச் சொல்லியே எழுதினர். கடன் வாங்கியதைக் கணக்கில் எழுதி வைக்கும் நாணயம் அவர்களிடம் இருந்தது.

இந்த இடத்தில் தமிழராகிய நாம் நம்மையும் ஒருகணம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார் என்றும், கிழக்காசியக் கலைகள் யாவும் அவ்வழி வந்தன என்றும் நம்மில் பலர் பெருமை பேசுவர். போதிதருமர் தென்னிந்தியர் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்வது உண்மை. ஆனால், அது போர்க்கலையைப் பற்றிப் பேசவில்லை. அக்கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 'யிஜின் ஜிங்' எனும் உடற்பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதென்பது ஆய்வாளர் முடிபு. ஆகவே, கொரியரைப் பார்த்து நகைக்கும் உரிமை நமக்கில்லை.

டேக்வாண்டோவின் உண்மையான பிறப்பு நம் பாட்டன்மார் காலத்தில் நிகழ்ந்தது. 1910-இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் கொரிய மொழி பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டது. 1940 முதல் மக்கள் தம் குடும்பப் பெயரையும் ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டனர். அந்நாளில் ஜப்பான் சென்று கல்வி கற்ற கொரிய இளைஞர் சிலர் ஆங்கே கராத்தேயும் கற்றனர். அவர்களுள் ஒருவரான லீ வோன்குக் 1944-இல் சியோலில் சோங்தோக்வான் என்ற கூடத்தைத் தொடங்கினார். 1945-இல் விடுதலை கிடைத்ததும் இத்தகைய கூடங்கள் பல தோன்றின. ஹ்வாங் கீ என்பாரின் மூதோக்வானும் அவற்றுள் ஒன்று. அங்குப் பயிலப்பட்ட வரிசைகளில் பெரும்பாலானவை கராத்தே வரிசைகளே. ஜப்பானியர் 'ஹெய்யான்' என்றதைக் கொரியர் 'ப்யோங்கான்' என்றனர்.

அக்கலையை அவர்கள் தாங்சுதோ என்றும் கோங்சுதோ என்றும் வழங்கினர். மொழிபெயர்ப்புத் தொழிலில் பழகிய நமக்கு இதில் தனிச் சுவை உண்டு. 5 என்ற எண்ணைத் தமிழர் 'ஐந்து' என்றும், இந்தி பேசுவோர் 'பாஞ்ச்' என்றும் படிக்கின்றனர். குறி ஒன்று, ஒலி வேறு. சீன எழுத்துகளும் அவ்வாறே. கராத்தே என்பதற்கு ஜப்பானியர் முன்பும் பின்புமாக எழுதிவந்த இருவகை எழுத்துகளைக் கொரிய ஒலியில் படித்தால் அவை தாங்சுதோவும் கோங்சுதோவும் ஆகிவிடும். பெயரே மூலத்தைக் காட்டிக் கொடுத்தது. ஜப்பானிய 'ஐகிதோ'வுக்கும் கொரிய 'ஹாப்கிதோ'வுக்கும் எழுத்து ஒன்றே என்பதையும் உடன் நினைவு கூரலாம்.

பெயரை இழந்து மீண்ட ஒரு மக்களுக்கு இது பொறுக்குமா? 1955-இல், படைத்தலைவரும், ஜப்பானில் கராத்தே கற்றவருமான சோய் ஹோங்ஹி, 'டேக்வான்' என்ற புதுப்பெயரை முன்மொழிந்தார். 'டேக்கியோன்' என்ற பழைய கொரிய உதைவிளையாட்டின் பெயரை அது ஒலியால் நினைவூட்டியது. புதிய கலைக்குப் பழைய பெயரின் சாயல் கிடைத்தது. பெயரைத் தொடர்ந்து பழைய வரலாறும் வந்து ஒட்டிக்கொண்டது. 1961-இல் கூடங்கள் பல இணைந்து சங்கம் கண்டபோதும் பெயரில் சச்சரவு. 'டேசுதோ' என்று சில ஆண்டுகள் வழங்கி, 1965-இல் டேக்வாண்டோ நிலைத்தது. 1966-இல் சோய் அனைத்துலகச் சங்கம் ஒன்றை நிறுவினார். அரசுடன் மாறுபட்டு 1972-இல் அவர் கானடா சென்றார். அவ்வாண்டிலேயே சியோலில் குக்கிவோன் எனும் தலைமைக் கூடம் திறக்கப்பட்டது. 1973-இல் உலக டேக்வாண்டோ சம்மேளனம் தோன்றியது. சோய் தம் கலையை வடகொரியாவுக்கும் கொண்டு சென்றார். 2002-இல் பியோங்யாங்கில் காலமானார். நாடு இரண்டுபட்டதுபோல் கலையும் இரண்டுபட்டு, வரிசைகளும் போட்டி விதிகளும் வேறாயின. 2018-இல் ப்யோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் இரு பிரிவினரும் ஒரே அரங்கில் வித்தை காட்டினர்.

ஆயினும், கடனாகப் பெற்றது கடனாகவே இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அக்காலக் கராத்தேப் போட்டிகளில் அடியை உடலில் படுமுன் நிறுத்திவிடுவது வழக்கம். கொரியரோ மார்புக் கவசம் அணிந்து, முழு வலுவுடன் உதைக்கும் முறையைக் கொண்டுவந்தனர். முட்டியால் முகத்தில் குத்தக்கூடாது; ஆனால், காலால் தலையை உதைக்கலாம்; உதைக்குக் குத்தைவிட மதிப்பும் மிகுதி என்று விதி செய்தனர். அதன் விளைவாகப் பத்திருபது ஆண்டுகளுள் நிற்கும் நிலையே மாறிற்று. தாழ்ந்து ஊன்றி நின்ற ஆட்டக்காரர், குதிகால் தரையில் படாமல் துள்ளலாயினர். முன்னங்காலால் உதைத்தல், சுழன்று பின்னோக்கி உதைத்தல், காலை உயர்த்திக் கோடரிபோல் இறக்குதல் முதலியன செழித்து வளர்ந்தன. இவை கொரியரின் சொந்த விளைச்சல் என்பதில் ஐயமில்லை. விதை பிறருடையது, உழவு அவர்களுடையது. 1988-இல் சியோலிலும் 1992-இல் பார்சிலோனாவிலும் காட்சி விளையாட்டாக இருந்து, 2000-இல் சிட்னியில் முழு ஒலிம்பிக் விளையாட்டாக அது உயர்ந்தது. இத்துணைப் பெருமை உடைய கலைக்கு இரண்டாயிரம் ஆண்டு என்ற இரவல் நகை எதற்கு? 1990-களுக்குப் பின் கொரிய ஆய்வாளர் பலரே கராத்தேத் தொடர்பை வெளிப்படையாக எழுதி வருகின்றனர்.

அந்த இரவல் நகைக்கு விலை கொடுத்தது டேக்கியோன். பெயரும் பழமையும் புதிய கலைக்குப் போய்விட, உண்மையிலேயே பழையதான அது கேட்பாரற்றுக் கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சியோல் தெருக்களில் பேட்டைக்குப் பேட்டை பந்தயமாக நடந்த விளையாட்டு அது. 1846-இல் யூ சுக் தீட்டிய ஓர் ஓவியத்தில், மக்கள் வட்டமாய்ச் சூழ்ந்திருக்க, ஒருபுறம் மற்போரும் மறுபுறம் டேக்கியோனும் நடப்பதைக் காணலாம். அதன் நடை கராத்தேயினின்று முற்றும் வேறானது. முக்கோண வடிவில் மூன்று தாளத்தில் கால் மாற்றி, நடனம்போல் அசைந்துகொண்டே, தக்க சமயத்தில் எதிரியின் காலைத் தட்டி வீழ்த்துவர். அல்லது முகத்தில் உதைப்பர். மூச்சை விடும் ஒலியும் 'இக்', 'எக்' என்று மென்மையாகவே இருக்கும். விறைப்பு என்பதே அதில் கிடையாது.

அக்கலையை அந்நியர் ஆட்சிக்கு முன்னரே கற்று, முதுமை வரை மறவாதிருந்தவர் 1893-இல் பிறந்த சோங் தோக்கி. டேக்வாண்டோ உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவரிடம் கற்க வந்தோர் மிகச் சிலரே. அவர்களுள் சின் ஹான்சுங் என்பவர் அசைவுகளை முறைப்படுத்தி எழுதி, சுங்ஜு நகரில் கற்பித்து, அரசின் காப்புக்காக ஓயாது முயன்றார். 1983-இல் கொரிய அரசு டேக்கியோனை 76-ஆம் எண் கொண்ட பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. கிழவருக்கு அப்போது வயது தொண்ணூறு. 1987-இல் குருவும் சீடரும் ஒரே ஆண்டில் மறைந்தனர். அதற்குள் அவர்களிடம் கற்றவர்கள் கற்பிக்கத் தொடங்கியிருந்தனர். 2011-இல் யுனெஸ்கோ டேக்கியோனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுங்ஜு நகரில் இன்றும் அது கற்பிக்கப்படுகிறது. பயில்வோர் வெண்சீருடைக்குப் பதிலாகக் கொரியக் குடியானவரின் தொளதொளத்த பழைய உடையையே அணிகின்றனர்.