மட்டாஞ்சேரி: விருந்தோம்பல் ஊரின் பிறவிக் குணமா?

'வந்தாரை வாழவைக்கும் ஊர்' என்று கொச்சியைச் சொல்வாங்க. அது எவ்வளவு உண்மை?

இடம் கொடுத்தது யார்?
போர்ச்சுகீசியரின் கெடுபிடிக்குத் தப்பி வந்த யூதர்களுக்குக் கொச்சி மன்னர் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். 1568-ல் பரதேசி யூத ஜெபாலயம் கட்டப்பட்டது.

வெறும் கருணையா?
இல்லை. மிளகு வணிகத்துக்குக் கடல்கடந்த தொடர்புள்ளவர்கள் தேவைப்பட்டார்கள்.

சிக்கல் எங்கே?
இடம் கிடைத்தவர்களே பிறகு இடம் மறுத்தார்கள். அடிமைகளின் வழிவந்தவர்கள் எனக் கருதப்பட்ட யூதர்களுக்கு ஜெபாலயத்தில் சம உரிமை இல்லை. அந்தப் பிரிவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம், 20-ஆம் நூற்றாண்டில் சத்தியாகிரக வழியில் போராடினார். தடைகள் மெல்லத் தளர்ந்தன.

ஆக?
வாசலைத் திறந்தது வணிகக் கணக்கும்தான். உள்ளே சமமாக உட்காரும் உரிமையைப் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது.