கிழக்கு அமெரிக்கக் காடுகளிற் பூமா உண்டா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பாகத்திலே வனவிலங்குத் திணைக்களங்களிற் கடமையாற்றும் அலுவலர்க்கு ஓயாத தொல்லையொன்று உண்டு. ஆண்டு முழுவதும் பொதுமக்கள் அவர்களுக்குக் கடிதம் எழுதுகின்றனர், தொலைபேசியில் அழைக்கின்றனர். செய்தி ஏறத்தாழ ஒன்றே. மாலை மங்கும் வேளையிலே தோட்டத்தின் எல்லையிற் பெரும்பூனையொன்று நின்றது, மான் நிறம், நிலத்தைத் தொடுமளவுக்கு நீண்ட வால், ஒரு கணம் நோக்கிவிட்டு மரங்களிடையே மறைந்தது. இவ்வாறு அறிவிப்போர் பொய்யரல்லர். விவசாயி, மருத்துவர், பாடசாலை ஆசிரியர், சில வேளை பொலிஸ் உத்தியோகத்தர்கூட அவருள் உளர். அலுவலர் யாவற்றையும் பொறுமையுடன் குறித்துக்கொண்டு, அது பூமாவாக இருத்தல் அரிது என்று விடை கூறுவார். கண்டவருக்குச் சினம் மூளும். தம் கண்ணைத் தாமே நம்பாது விடுவது எங்ஙனம்?

இவ்வழக்கின் நடுவே நிற்கும் விலங்குக்குப் பெயர்கள் பல. பூமா, கூகர், மலைச்சிங்கம், பாந்தர், கற்றமவுண்ட் ஆகிய யாவும் ஒன்றையே குறிப்பன. நம் நாட்டிற் பேச்சுவழக்கிலே சிறுத்தையைப் புலி என்று சொல்லிவிடுவது போன்றதே இதுவும். வடக்கே கனடாவிலிருந்து தெற்கே சிலியின் கோடிவரை ஒரு காலத்திற் பரந்து வாழ்ந்த இனம் இது. உடலிற் புள்ளியோ கோடோ இல்லை. ஒரே நிறமுடையது என்னும் பொருள்படவே அறிவியலார் 'கொன்கலர்' எனப் பெயரிட்டனர். நன்கு வளர்ந்த ஆண் 140, 150 இறாத்தல் நிறையும், மூன்றடியை அணுகும் வாலும் உடையது. சிங்கம் போலக் கர்ச்சிக்க இதற்கு இயலாது. வீட்டுப்பூனை போல முரலும்.

ஐரோப்பியர் குடியேறிய காலத்திற் கிழக்குக் கரையோரக் காடுகளிலும் பூமா வாழ்ந்தது. ஆட்டையும் மாட்டையும் கொல்லும் பகையென்று அதன் தலைக்குப் பரிசு விதித்தனர். துப்பாக்கியையும் பொறியையும்விட மெல்லக் கொன்றது வேறொன்று. காடுகளை வெட்டி வயலும் மேய்ச்சல் நிலமும் ஆக்கினர். மான்களை வேட்டையாடித் தீர்த்தனர். வேர்மொன்ற் மாநிலத்தில் மான் அற்றுப்போய், 1878 இல் நியூயோர்க்கிலிருந்து சில மான்களைக் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. இரையற்ற காட்டிலே வேட்டைவிலங்கு எவ்வாறு பிழைக்கும்? 1881 நவம்பரில், அம்மாநிலத்துப் பார்னாட் என்னும் ஊரிலே, பனியிற் பதிந்த அடிச்சுவட்டைத் தொடர்ந்து சென்றோர் ஆண் பூமாவொன்றைச் சுட்டு வீழ்த்தினர். 180 இறாத்தலுக்கு மேற்பட்ட அதன் உடல் பாடஞ் செய்யப்பட்டுப் பின்னர் மொன்பீலியர் நகர நூதனசாலையை அடைந்தது. வேர்மொன்றிற் கொல்லப்பட்ட கடைசிப் பூமா அதுவே என்பர். 1938 இல் மெயின் மாநிலத்துக்கும் கனடாவின் கியூபெக்குக்கும் இடைப்பட்ட எல்லையிற் பொறியில் அகப்பட்டதே கிழக்குப் பிரதேசம் முழுவதற்கும் இறுதியானது எனக் கருதப்படுகிறது.

விலங்கு ஒழிந்த பின்னரும் பெயர் ஒழியவில்லை. வேர்மொன்ற் பல்கலைக்கழக விளையாட்டுக் குழுவினர்க்கு இன்றும் 'கற்றமவுண்ட்' என்பதே பெயர். பென்சில்வேனிய அரச பல்கலைக்கழகத்தின் சின்னமும் இம்மலைச்சிங்கமே. கொன்றொழித்தவற்றைக் கொடியிலே தீட்டிக் கொண்டாடுவது மனிதகுலத்தின் பழைய வழக்கம்.

கண்டோம் என்னும் குரல்களும் ஓயவில்லை. கனடாவின் நியூ பிறன்சுவிக் மாகாணத்திலே வனவிலங்கு ஆராய்ச்சியாளராயிருந்த புரூஸ் ரைற் என்பவர் அவற்றைப் பல்லாண்டுகளாகத் திரட்டி, 1959 இல் ஒரு நூலாகவும் 1972 இல் இன்னொரு நூலாகவும் வெளியிட்டார். பூமா ஒழியவில்லை, ஒளிந்து வாழ்கிறது என்பது அவர் கொள்கை. அதற்கு இடந்தரும் வகையிற் காலமும் மாறிற்று. மலைப்பாங்கான மெலிந்த நிலங்களை விவசாயிகள் கைவிட்டு மேற்கே சென்றனர், கைவிட்ட வயல்களிலே காடு மீண்டும் எழுந்தது, மான்களும் பெருகின. இன்று வேர்மொன்றின் நிலப்பரப்பில் முக்காற் பங்கு காடே. காடும் உண்டு, மானும் உண்டு. பூமா மட்டும் ஏன் இராது என்று சாதாரண மனிதன் கேட்பதிலே தவறில்லை.

இவ்விடத்தில் நமது அளவை நூலார் வகுத்த பாகுபாடொன்று துணைசெய்யும். காட்சியிலே ஐயக்காட்சியும் திரிபுக்காட்சியும் உண்டென்பர் அவர். அந்தி வேளையிலே தூரத்தில் நிற்பது கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபு. பூமாவைக் கண்டதாகக் கூறுவோருட் பலர் ஐயத்தில் நிற்பவரல்லர். திரிபிலே உறுதியாக நிற்பவர். ஆதலினாலேயே அவரோடு வாதிடுதல் கடினமாகிறது.

திரிபு எழுவதற்கு வாய்ப்புகளும் பல. அக்காடுகளிற் 'பொப்கற்' எனப்படும் குட்டைவாற் காட்டுப்பூனை உண்டு. கீரியை ஒத்த நீளுடலும் அடர்ந்த வாலும் உடைய 'பிஷர்' என்னும் மரமேறும் விலங்கும் உண்டு. ஓநாய்க்கு உறவான கொயோட்டியும், சொறி பிடித்து மயிர் உதிர்ந்த நரியும், பழுப்பு நிற நாயும் அந்தி ஒளியில் வேறு உருக்கொள்ளும். இரவிலே நரி இடும் ஓலத்தைக் கேட்டுப் பூமா கத்திற்று என்று நடுங்கினோரும் உளர். எல்லாவற்றினும் பெரிய ஏமாற்று அளவு பற்றியது. திறந்த வெளியிலே, ஒப்பிடுதற்கு அருகில் ஒன்றுமின்றி நிற்கும் பூனையின் பருமனைக் கண் மதிப்பிட இயலாது. ஆகவே புகைப்படம் கிடைத்தால் அலுவலர் அதே இடத்துக்குச் சென்று, விலங்கு நின்ற இடத்தில் அளவுகோலொன்றை நாட்டி, மீண்டும் படமெடுத்து ஒப்பிடுவர். மலைச்சிங்கமெனப் பேரெடுத்தது அயல்வீட்டுப் பூனையாய் முடிவதுண்டு.

இன்னொரு விந்தை, கண்டது கரிய நிறமுடையது எனச் சாதிப்போர் தொகை. சிறுத்தையிலும், தென்னமெரிக்க யக்குவாரிலும் கருநிறம் உண்டு. இலங்கையிலும் 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியிற் கண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையொன்று மாண்டதை நேயர்கள் அறிவர். ஆனாற் கரிய பூமாவொன்று கொல்லப்பட்டதாகவோ பிடிக்கப்பட்டதாகவோ உறுதியான சான்று எந்நாட்டிலும் இல்லை. 'பாந்தர்' என்ற சொல்லே கதைப்புத்தகத்துக் கருஞ்சிறுத்தையை மனத்துக்குக் கொணர்ந்து, கண்ணுக்கும் அதனைக் காட்டிவிடுகிறது போலும்.

அவ்வாறாயின் உண்மையை அறிவது எப்படி? புளோரிடாவை நோக்குக. கிழக்குப் பிரதேசத்திற் பூமா அற்றுப்போகாது எஞ்சியது அம்மாநிலத்தின் தென்கோடிச் சதுப்பு நிலத்தில் மட்டுமே. அங்கும் முப்பதுக்குக் குறைவாய் அருகி, உறவுக்கலப்பால் நலிந்து நின்றவேளை, 1995 இல் ரெக்சாசிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து சேர்த்தனர். இன்று வளர்ந்தவை 120 முதல் 230 வரை இருக்கும் என மதிக்கப்படுகிறது. இச்சிறு கூட்டத்திலே மோட்டார் வண்டியில் அடிபட்டு மாள்பவை மட்டும் சில ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்டன. அடிச்சுவடு, எச்சம், மயிர், கடித்த மானின் உடல் ஆகியவற்றுக்கோ அங்கே குறைவில்லை. தானியங்கிக் கமராக்களும் படமெடுக்கின்றன. வடகிழக்கிலோ பன்மடங்கு அகன்ற நிலம், நெருங்கிய வீதிகள், இலையுதிர்காலந்தோறும் காட்டை நிறைக்கும் வேட்டைக்காரர். கண்டோம் என்பார் ஆயிரவர். உடல் எங்கே? இருந்தாற் காணப்படவேண்டிய இடத்திற் காணப்படாமையாலே இல்லையெனத் துணிவதும் அறிவுமுறைகளுள் ஒன்றே. அதனை அபாவம் என்பர்.

இவ்வழியே ஆராய்ந்த மத்திய அரசாங்கத்தின் மீன், வனவிலங்குச் சேவை, பொதுமக்களிடமிருந்து வந்த 573 மறுமொழிகளையும் 21 மாநிலங்களின் கருத்தையும் பெற்று, கிழக்குப் பூமா அழிந்துவிட்டது என 2011 மார்ச்சில் முடிவு கூறிற்று.

மூன்று மாதம் சென்றது. யூன் மாதத் தொடக்கத்திலே, நியூயோர்க் மாநகருக்கு அணித்தான கனெற்றிக்கட் மாநிலத்தின் செல்வர் வாழும் கிரினிச் நகரிற் பூமாவைக் கண்டதாகச் சிலர் அறிவித்தனர். பதினொராந் திகதி நள்ளிரவின்பின், அங்கிருந்து சில பத்து மைலுக்கு அப்பால், மில்பேட் என்னும் ஊரருகே நெடுஞ்சாலையிலே மோட்டார் வண்டியொன்றில் மோதி மாண்டு கிடந்தது 140 இறாத்தல் நிறையுள்ள இளம் ஆண் பூமா!

யாரோ வளர்த்தது தப்பியிருக்கும் என்றே முதலில் எண்ணினர். ஆயின் நகம் களையப்படவில்லை. அடையாளக் கருவி எதுவும் உடலில் இல்லை. தோலுக்கடியிலே முள்ளம்பன்றியின் முட்கள் இருந்தன. மரபணுவைச் சோதித்தபோது உண்மை வெளியாயிற்று. அது தென் டக்கோட்டாவின் கருங்குன்றுகளிலே பிறந்த கால்வழி. மினசோட்டாவிலும் விஸ்கொன்சினிலும் 2009 இறுதி முதல் கிடைத்திருந்த தடயங்கள் இதே விலங்கினுடையவை. 1,500 மைலுக்கு மேற்பட்ட வழியை, ஆறுகளையும் நெடுஞ்சாலைகளையும் நகரங்களையும் கடந்து, அது தனியே நடந்து வந்திருந்தது.

அவ்வழியிலே நிகழ்ந்த ஒன்று தனியே கூறத்தக்கது. 2010 டிசம்பரில் நியூயோர்க் மாநிலத்து யோர்ச் ஏரிக்கு அருகே, வீட்டின் பின்புறத்திற் பூமாவொன்று செல்வதைக் கண்டனர். அவ்வீட்டுத் தலைவர் ஓய்வுபெற்ற வனப் பாதுகாப்பு உத்தியோகத்தர். கண்டதைக் கூறிப் பிறரை நம்பவைக்க முயன்றிருப்பின் அதுவும் ஆயிரங் கதையுள் ஒரு கதையாகியிருக்கும். பனியிலே சுவட்டைத் தொடர்ந்து சென்று, விலங்கு படுத்திருந்த இடத்தில் உதிர்ந்த மயிரைச் சேகரிக்க வழிசெய்தமையால், பின்னர் மில்பேட்டிற் கிடைத்த உடலோடு அது பொருந்திற்று.

அரசாங்கத்தின் முடிவு பொய்த்ததோ? இல்லை. வந்தது வழிப்போக்கன், குடியிருந்ததன்று. இளம் ஆண் பூமா தாயின் எல்லையை நீங்கித் துணை தேடி எவ்வளவு தூரமும் நடக்கும். பெண்ணோ பெரும்பாலும் தாய்க்கு அண்மையிலேயே இடங்கொள்ளும். எனவே ஆண்கள் எத்தனை வந்தாலும் குடி பெருகாது. துணை காணாத ஆண், இன்னும் அப்பாலே இருக்கலாம் என்று, கடலும் நெடுஞ்சாலையும் குறுக்கிடும்வரை நடந்துகொண்டேயிருக்கும்.

2018 இல் கிழக்குப் பூமாவின் பெயர் அழிவுறும் இனங்களின் சட்டப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பலர் வருந்தினர், அரசாங்கமே பூமாக்களை இரகசியமாகக் கொணர்ந்து விட்டுவிட்டு மறைக்கிறது என்னும் பழைய வதந்தியும் ஓய்ந்தபாடில்லை. விலங்கின்பாற் பரிவுடையோர் சிலர் அந்நீக்கத்தை வரவேற்றமை கவனிக்கத்தக்கது. இல்லாத ஒன்றைச் சட்டத்திலே காப்பதைவிட, மேற்கிலிருந்து உயிருள்ளவற்றைக் கொணர்ந்து விட மாநிலங்கள் ஆலோசிக்கட்டும் என்பது அவர் வாதம். மான் மிகுந்து இளமரக் கன்றுகளை மேய்ந்தழிக்கும் காடுகளில் அதற்குத் தேவையும் உண்டு. ஆயினும் பூமாவைக் கண்டதாகப் பெருமையுடன் சொல்லும் அதே ஊரவர், தம் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் அதனை விடச் சம்மதிப்பார்களோ என்பது வேறு வினா.

இதற்கிடையே மேற்கிலிருந்து தாமாகவே பெண்களும் சில வரத் தொடங்கியுள்ளன. 2015 இல் தெனசியில் எடுக்கப்பட்ட மயிர், கருங்குன்று வழிவந்த பெண் பூமாவினது எனத் தெரிந்தது. 2025 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தின் மேற்தீபகற்பத்திலே, சில வாரமே வயதான இரு குட்டிகள் புகைப்படத்துடன் உறுதிசெய்யப்பட்டன. நூறாண்டுக்கு மேலாக அம்மாநிலத்திற் பூமா ஈன்றதற்குச் சான்று இருந்ததில்லை. அங்கிருந்து வேர்மொன்றின் காடுகளுக்குப் பேரேரிகளைச் சுற்றிப் பல நூறு மைல். தாயின் அயலிலே மகள் இடங்கொள்ளும் வேகத்தில் அத்தூரத்தைக் கடக்கப் பல தலைமுறை செல்லும்.