மேலூரில் ஒரு குட்டிக் கடல்: வீட்டு ரீஃப் தொட்டிக்கு ஃபில்டர் அமைப்பது எப்படி?

மேலூருக்குப் பக்கத்துக் கடல் எது என்று கேட்டால், சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை எல்லாம் தாண்டி தொண்டிக்குத்தான் போகணும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். போர் தண்ணீரில் பாத்திரம் வெள்ளை படியும், சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும், பராமரிப்புப் பணி என்று கரண்ட் பகல் முழுக்கப் போகும். இப்படிப்பட்ட ஊரில், ஹாலில் ஒரு கடல் தொட்டி வைக்க முடியுமா?

முடியும். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் வளர்த்துப் பழகியவர்கள் அடுத்து ஆசைப்படுவது இதற்குத்தான். ஆனால் முதல் மாதத்திலேயே மீனைப் பறிகொடுத்துவிட்டு, தொட்டியை மாடிக்கு ஏற்றிவிடுபவர்களும் அதிகம். தொட்டி, ஃபில்டர், மீன் மூன்றையும் ஒரே நாளில் வாங்குவதுதான் பெரும்பாலும் காரணம். கடல் தொட்டியில் ஃபில்டரின் முக்கால்வாசி வேலையைச் செய்வது பாக்டீரியா. அதை நாமே வளர்க்க வேண்டும், அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

இந்தக் கட்டுரையில் 2 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை ஊற்றினால் 88 லிட்டர் பிடிக்கும். கல், மணல் போக உண்மையில் நிற்பது 70 லிட்டர்தான். கண்ணாடியோடு சேர்த்து 100 கிலோ தாண்டும், அதனால் டிவி ஸ்டாண்டு மேல் வைக்க வேண்டாம்.

ரீஃப் தொட்டியில் பவளம் வைக்கலாமா?

முதலில் இதைத் தெளிவாக்கிவிடலாம். வெளிநாட்டு வீடியோக்களில் தொட்டிக்குள் இறக்கும் ‘லைவ் ராக்’ என்பது பெரும்பாலும் பழைய பவளத்தின் எலும்புக்கூடு. அதன் நுண்துளைகளுக்குள் பாக்டீரியா குடியிருக்கும், அதுதான் அங்கே ஃபில்டர். இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961-லேயே இந்த முறையைப் பத்திரிகையில் எழுதிப் பிரபலப்படுத்தினார்.

நம்ம ஊரில் அந்த வழிக்கே இடமில்லை. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி, யானைக்கு உள்ள அதே பாதுகாப்பு. உயிரோடு இருந்தாலும், காய்ந்த கிளையாக இருந்தாலும் வைத்திருப்பது குற்றம். 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. கடல் குதிரையும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. ‘இம்போர்ட் பீஸ், பில் இருக்கு சார்’ என்று கடைக்காரர் சொன்னாலும், கல் பவளங்கள் வகை மொத்தமும் அட்டவணையில் இருக்கும்போது அந்தப் பில்லை நம்பி வாங்குவது வேண்டாத வேலை.

சட்டம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணத்தைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். மிச்சம் இருக்கும் பவளங்களும் 1998, 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறிப் பெரிய அளவில் வெளுத்தன.

ஆக, நம் தொட்டியில் ‘ரீஃப்’ என்பது துளைகள் நிறைந்த செராமிக் கல், ஒரு ஜோடி க்ளவுன் ஃபிஷ், சில நத்தைகள். இது போதும். ஃபில்டர் பற்றிய கணக்கு எதுவும் இதனால் மாறாது.

தண்ணீர்: இங்கேதான் காசு போடணும்

மேலூர்ப் பக்கத்து போர் தண்ணீரில் கரைந்த உப்பு அதிகம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் டி.டி.எஸ். அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கடல் தொட்டிக்கு அது கிட்டத்தட்ட பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். ‘எப்படியும் உப்புப் போடத்தானே போறோம்?’ என்று தோன்றும். போர் தண்ணீரில் வரும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் எல்லாம் பாசிக்குச் சாப்பாடு. இரண்டே மாதத்தில் தொட்டி கம்மாய்க்கரை மாதிரி ஆகிவிடும்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பல ஆர்.ஓ. மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலக்கும் டி.டி.எஸ். கன்ட்ரோலரோ, மினரல் சேர்க்கும் குப்பியோ இருக்கும். சர்வீஸுக்கு வருபவரிடம் சொல்லி, அதற்கு முன்பே ஒரு குழாய் பிரித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒரு டி.ஐ. ரெசின் குப்பியை மாட்டினால் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், அவசியம் வாங்குங்கள்.

அடுத்தது உப்பு. தூத்துக்குடி உப்பு மூட்டையை வாங்கிக் கரைத்தால் கடல் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் ஜிப்சம் படியும், பிறகு சமையல் உப்பு படியும், மெக்னீசியம் எல்லாம் மீதித் தண்ணீரோடு போய்விடும். நமக்குக் கிடைக்கும் கல் உப்பு வெறும் சோடியம் குளோரைடுதான். அக்வேரியத்துக்கென்று விற்கும் ரீஃப் சால்ட்டில்தான் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சரியான விகிதத்தில் இருக்கும். லிட்டருக்கு 36 கிராம் என்று வைத்தால் நம் தொட்டிக்கு இரண்டரை கிலோ. தனி வாளியில் கரைத்து, ஒருநாள் மோட்டார் ஓடவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்டிய பிறகே தொட்டிக்குள் ஊற்ற வேண்டும்.

தொண்டியிலிருந்து கேனில் கடல்நீர் கொண்டு வரலாமே? பாக் நீரிணைக் கரை ஆழம் குறைவு, சேறு கலங்கும், ஊர்க் கழிவும் சேரும். ஒரு வாரத் தேவைக்காக 200 கிலோமீட்டர் போய் வருகிற பெட்ரோல் காசுக்கு உப்பே வாங்கிவிடலாம்.

ஃபில்டருக்குள் என்னதான் நடக்கிறது?

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நன்னீர்த் தொட்டியிலும் இதேதான், ஆனால் கடல் தொட்டியில் மன்னிப்பு குறைவு. கடல்நீரின் பி.ஹெச். 8.2 அளவில் இருக்கும். பி.ஹெச். 7 உள்ள தண்ணீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் 10 மடங்கு வரை கூடுதலாக இருக்கும். சூடு ஏற ஏற இது இன்னும் கூடும்.

பாக்டீரியாவுக்கு வேண்டியது ஒட்டி வாழ இடம். ‘நம்ம மேலூர்ல கிரானைட்டுக்கா பஞ்சம்?’ என்று ஒரு துண்டைப் போட்டால் கெடுதல் வராது, பலனும் இருக்காது. கிரானைட் இறுகிப்போன கல், உள்ளே துளையே கிடையாது. கைக்கு லேசாக, ஸ்பாஞ்சு மாதிரி துளைத்த செராமிக் கல் ஒரு 6, 7 கிலோ போதும். கல்லை மதில் மாதிரி நெருக்கி அடுக்காமல், பின்பக்கமும் தண்ணீர் ஓடுகிற மாதிரி வைக்கணும். துளைகளின் ஆழத்தில் ஆக்ஸிஜன் எட்டாத இடத்தில் வேறு ரக பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும். தண்ணீர் கட்டிய வயலில் போட்ட யூரியாவில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுவதாக விவசாயிகள் புலம்புவார்களே, அதில் நடப்பதும் இதுதான். வயலில் நஷ்டம், தொட்டியில் லாபம்.

ஸ்பாஞ்சு அல்லது ஃபில்டர் பஞ்சு, அழுக்கைப் பிடிக்க. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதை அலசியே ஆகணும், இல்லையென்றால் பிடித்த அழுக்கு அங்கேயே அழுகும். பாக்டீரியா குடியிருக்கும் செராமிக் வளையங்களை மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். குளோரின் பாக்டீரியாவைத் தீர்த்துவிடும்.

அப்புறம் புரோட்டீன் ஸ்கிம்மர். வெல்லம் காய்ச்சும்போது பார்த்திருப்பீர்கள். கொதிக்கும் கரும்புச் சாற்றில் அழுக்கு நுரையாக மேலே வரும், அதை வழித்து எடுப்பார்கள். ஸ்கிம்மர் செய்வதும் கிட்டத்தட்ட இதையே, அடுப்பு இல்லாமல். நுண்ணிய காற்றுக் குமிழிகளில் கழிவு ஒட்டி, நுரையாக ஏறி, மேலே உள்ள கப்பில் விழும். வாரம் 7 லிட்டர் தண்ணீர் மாற்றினால் இந்தச் சின்னத் தொட்டி ஸ்கிம்மர் இல்லாமலும் ஓடும். ஆனால் தண்ணீரில் காற்றைக் கலக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, நம் வெயிலுக்கு அது நல்லது. ஆர்.ஓ.வா ஸ்கிம்மரா, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஆர்.ஓ.

கரண்ட் போனால்?

மேலூரில் எந்த ஃபில்டர் வாங்குவது என்பதை முடிவு செய்வதே இந்தக் கேள்விதான். 30 டிகிரி கடல்நீரில் கரையக்கூடிய ஆக்ஸிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராமை ஒட்டித்தான். அதே சூட்டில் நன்னீரில் ஏழரை வரை கரையும். கையிருப்பே குறைவு என்பதால், மோட்டார் நின்றால் முதலில் திணறுவது மீன்.

கேனிஸ்டர் ஃபில்டர் பார்க்க அழகு, சத்தமும் இல்லை. ஆனால் அது மூடிய டப்பா. காலையில் போன கரண்ட் மாலையில் வந்தால், அதற்குள் உள்ளே இருந்த பாக்டீரியா ஆக்ஸிஜன் இல்லாமல் சாக ஆரம்பித்திருக்கும். மோட்டார் ஓடியதும் அந்த நாற்றத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் வரும். அதனால் நம் ஊருக்கு, தொட்டியின் பின்பக்கம் தொங்கும் ஹேங்-ஆன் ஃபில்டர் அல்லது கீழே தனித் தொட்டியாக வைக்கும் சம்ப் நல்லது. சம்ப் வைத்தால் பாதியளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். கரண்ட் போனதும் மேலே இருந்து கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கும். இடம் இல்லையென்றால் ஹால் முழுக்க உப்புத் தண்ணீர். மேலேறும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போட்டால் தண்ணீர் சைஃபனாகத் தொடர்ந்து இறங்காது.

பவர் பேங்கில் ஓடும் யு.எஸ்.பி. ஏர் பம்ப் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். கரண்ட் போனதும் அதைப் போட்டுவிடுங்கள், அன்று தீனியும் வேண்டாம்.

சூட்டுக்கு, நீர்ப்பரப்பைப் பார்த்து ஒரு சின்ன ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி குறையும். சில்லர் நல்லதுதான், ஆனால் தொட்டியை விட விலை அதிகம். ஃபேன் போட்டால் தண்ணீர் வேகமாக வற்றும், உப்பு வற்றாது. 70 லிட்டரில் 6 லிட்டர் வற்றினால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 38 தாண்டிவிடும். எனவே தினமும் குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி நிரப்புங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மீன் எப்போது வாங்கலாம்?

எல்லாம் ஓட ஆரம்பித்ததும், மீன் இல்லாத தொட்டியில் ஒரு சிட்டிகை மீன் தீனியையோ சின்ன இறால் துண்டையோ போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். யாராவது நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் கடல் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சு கிடைத்தால், தயிருக்கு உறை ஊற்றிய மாதிரி, காலம் குறையும். பாட்டில் பாக்டீரியாவும் உதவும். ஆனால் ‘இதை ஊத்தினா இன்னிக்கே மீன் விடலாம்’ என்ற லேபிளை நம்ப வேண்டாம், கிட் சொல்வதை நம்புங்கள். இரண்டும் பூஜ்ஜியமாகி, ஒரு வாரம் அப்படியே நின்றால் தொட்டி தயார்.

மீன் வாங்கும்போது கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் வளர்ந்ததா என்று கேளுங்கள். க்ளவுன் ஃபிஷ்ஷைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் உருவாக்கியிருக்கின்றன. அப்படி வளர்ந்த மீன் தொட்டிக்குப் பழகியது, தீனி எடுக்கும். இரண்டு குட்டிகளாக வாங்கினால் போதும். க்ளவுன் ஃபிஷ் எல்லாமே முதலில் ஆண்தான். இரண்டில் பெரியது தானாகவே பெண்ணாக மாறி ஜோடி சேர்ந்துவிடும். 70 லிட்டருக்கு அந்த ஜோடிதான் அளவு. கூட ரெண்டு போட்டால் அழகா இருக்குமே என்று கை பரபரக்கும். ஒவ்வொரு மீனும் கூடுதல் அம்மோனியா என்பதை நினைவில் வையுங்கள்.

வாராவாரம் மாற்றி எடுக்கும் 7 லிட்டரில் கால் கிலோ உப்பு இருக்கும். அதை வாசலில் நிற்கும் வேம்புக்கோ ரோஜாச் செடிக்கோ ஊற்றினால் மண் கெட்டுப்போகும். பாத்ரூம் சாக்கடையில் விட்டுவிடுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் வாளியில் பிடித்து, வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம்.