வெண்தூள் விழுந்த ரொங்கெலாப்

அணுகுண்டின் கொடுமையை மெகாடன் கணக்கில் அளந்தே நமக்குப் பழகிவிட்டது. 1961 அக்டோபர் 30 அன்று ஆர்க்டிக்கின் நோவயா செம்லியாவில் சோவியத் யூனியன் வெடித்த ‘ஜார் குண்டு’ 50 மெகாடன். ஹிரோஷிமா குண்டைவிட 3,000 மடங்குக்கும் மேல். 1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளின் பிகினியில் அமெரிக்கா வெடித்த ‘காசில் பிராவோ’ 15 மெகாடன்தான். ஆனால் இவ்விரண்டில் பக்கத்துத் தீவு மக்களின் உடம்பில் காயமாகப் பதிந்தது சிறிய குண்டு. ஜார் குண்டு தரைக்கு 4 கிலோமீட்டர் மேலே வெடித்தது. தீக்கோளம் நிலத்தைத் தொடவில்லை. யுரேனிய உறைக்குப் பதில் ஈயம் வைத்திருந்ததால், அதன் ஆற்றலில் சுமார் 97 சதவீதம் அணு இணைவிலிருந்து வந்தது.

பிராவோவைப் பவளப்பாறைத் திட்டின் மீதே வைத்து வெடித்தார்கள். 6 மெகாடன் எதிர்பார்த்தார்கள். வினையில் சேராது என்று நம்பிய லித்தியம்-7 சேர்ந்துகொண்டதால் அது 15 ஆனது. சுமார் 2 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. அங்கிருந்த பவளம் பொடிந்து, யுரேனியப் பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருள்களைச் சுமந்துகொண்டு மேலே போய், காற்றோடு கிழக்கே வந்து வெண்தூளாக இறங்கியது. 150 கிலோமீட்டருக்கும் அப்பால் ரொங்கெலாப் தீவில் பிள்ளைகள் அந்தத் தூளில் விளையாடினார்கள். வாந்தி வந்தது, தோல் வெந்தது, முடி கொட்டியது. அவர்களை அப்புறப்படுத்த இரண்டு நாள் ஆயிற்று. அதே தூள் விழுந்த ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேரும் நோயுற்றார்கள். அவர்களில் வானொலி இயக்குநர் குபோயாமா அந்த செப்டம்பரில் இறந்தார்.

அப்படியானால் உயரத்தில் வெடிக்கும் குண்டு ‘சுத்தமானது’ தானே என்று கேட்கலாம். அன்று அப்படித்தான் வாதாடினார்கள். அதை மறுத்தவர் ஆந்த்ரேய் சகாரோவ். ஜார் குண்டை வடிவமைத்தவர்களில் ஒருவரும் அவரே. இணைவில் வெளிப்படும் நியூட்ரான்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கார்பன்-14 ஆக மாற்றும்; அதன் அரை ஆயுள் சுமார் 5,700 ஆண்டு. வரும் தலைமுறைகளையும் சேர்த்து, ஒரு மெகாடனுக்குச் சுமார் 10,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று 1958-இல் அவர் கணக்கிட்டார். தனி ஒருவருக்குச் சேரும் அளவு அற்பம் என்பது உண்மைதான். ஆனால் அந்த அற்பத்தைப் பூமியில் இருப்பவர், பிறக்கப்போகிறவர் எல்லோரோடும் பெருக்க வேண்டும். சோதனைகளால் வடகோளக் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரட்டிப்பானதை மரவளையங்கள் இன்றும் காட்டுகின்றன.

ராட்சதக் குண்டுகளைத்தான் கைவிட்டுவிட்டார்களே என்று இன்னொரு சமாதானம் சொல்வார்கள். ஆற்றலை 1,000 மடங்கு கூட்டினாலும் அதிர்வலை அழிக்கும் தூரம் 10 மடங்குதான் கூடும். ஒரு பெரிய குண்டைவிடப் பல சிறிய குண்டுகள் ராணுவத்துக்கு லாபம். ராட்சதக் குண்டுகளைக் கைவிட்ட காரணங்களில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்குண்டு. அதை இரக்கம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நிலத்தடி ஏவுகணைக் கிடங்குகளைத் தகர்க்க இன்றும் தரையில் வெடிப்பதே வழி. அப்போது எழுவது பிராவோவின் தூசுதான். 1963-இல் காற்றுவெளிச் சோதனைகளைத் தடுத்த மாஸ்கோ உடன்படிக்கை போர்க்காலத்துக்குப் பொருந்தாது. 1957-இல் திரும்பிவந்த ரொங்கெலாப் மக்கள் 1985-இல் மறுபடி ஏன் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.