கணினியில் பிறக்கும் ஒலியைச் சேமிப்பது எவ்வாறு?

இசையில் நாட்டமுள்ள மாணவர் பலர் இன்று வீட்டுக் கணினியிலேயே இசையமைக்கின்றனர். நான்கைந்து மென்பொருள் சிந்தசைசர்களை ஒருங்கே இயக்கும்போது, பழைய கணினி திணறி, இசை விட்டுவிட்டு ஒலிப்பதை அவர்கள் அறிவர். புதிய கணினி வாங்க வேண்டுமோ எனப் பெற்றோரும் கவலையுறுவர். அதற்கு முன் செய்து பார்க்கத்தக்க எளிய வழி ஒன்றுண்டு.

சிந்தசைசர், நாம் விசையை அழுத்திய கணத்திலேயே அலையின் வடிவையும் அசைவையும் கணக்கிட்டு ஒலியைப் பிறப்பிக்கின்றது. இக்கணக்கீடே கணினிக்குச் சுமையாகின்றது. சாம்ப்ளரோ முன்னரே பதிவுசெய்த ஒலியை எடுத்து ஒலிக்கச் செய்கின்றது. 1979ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீற்றர் வோகல், கிம் றைறி ஆகியோர் உருவாக்கிய பெயார்லைற் கருவி இம்முறையைப் புகழ்பெறச் செய்தது. ஆகவே, சிந்தசைசரின் ஒலியை ஒருமுறை பதிந்து சாம்ப்ளரில் இட்டுவிட்டால் சுமை குறையும்.

எல்லா விசைகளையும் பதிய வேண்டுமா? ஒரு ஸ்தாயிக்கு 12 சுரத்தானங்கள் என்பது நாம் அறிந்ததே. ஐந்து ஸ்தாயி கொண்ட விசைப்பலகையில் 61 விசைகள் உள்ளன. விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிற், இரு தடங்கள் என்ற அளவில் ஒவ்வொரு விசையையும் 5 விநாடி பதிந்தால், ஏறத்தாழ 5 கோடியே 38 இலட்சம் பைற்றுகள் தேவைப்படும். மூன்று விசைகளுக்கு ஒன்றாக 21 விசைகளை மட்டும் பதிந்தால் 1 கோடியே 85 இலட்சம் போதும். இடைப்பட்ட விசைகளுக்கு, அருகிலுள்ள ஒலியையே ஒரு சுரத்தானம் ஏற்றியோ இறக்கியோ சாம்ப்ளர் தந்துவிடும். அதற்கு மேல் இழுத்தால் ஒலியின் இயல்பு கெடத் தொடங்கும்.

நீண்டு ஒலிக்க வேண்டிய ஒலியின் நடுப்பகுதியை வளையமாக இணைத்து, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யலாம். அலை ஒரே நிலையில் இருக்கும் இரு இடங்களை இணைக்காவிடின் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்னும் ஓசை கேட்கும். எதிரொலியை நீக்கிவிட்டே பதிதல் நன்று. பின்னர் முழு இசைக்கும் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இம்முறையில் இழப்பும் உண்டு. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அசைவு, தனித்தனியே பதிந்த ஒலிகளில் அடங்காது. மெல்ல அழுத்தினால் மென்மையாகவும், ஓங்கி அழுத்தினால் கூர்மையாகவும் மாறும் ஒலியை இருமுறை பதிய வேண்டும், அளவும் இருமடங்காகும். எனவே, பின்னணியில் நிலையாக நிற்கும் ஒலிகளுக்கே இம்முறை பெரிதும் பொருந்தும். நெகிழ்ந்து பாட வேண்டிய முதன்மை ஒலியைச் சிந்தசைசரிடமே விட்டுவிடுக.

மாணவர்களே, பதிந்த ஒலிகளைப் பிறருக்கு வழங்குமுன் மென்பொருளின் உரிம விதிகளைப் படியுங்கள். சில நிறுவனங்கள் அதற்கு இசைவதில்லை. சிந்தசைசரில் செய்த அமைப்பையும் அழிக்காது சேமித்து வையுங்கள். பதிந்த ஒலி நிழற்படம் போன்றது. அதனைக் கையில் எடுத்துச் செல்வது எளிது. ஆயினும் புதியதொரு கோணம் வேண்டுமெனில் மூலத்திடமே திரும்பிச் செல்ல வேண்டும்.