ஸ்வீட் டப்பாவுக்குள் நாற்பது கையெழுத்து

கோவையில் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவரின் அலுவலகம். உதவியாளர் பெண்ணின் மேசையில் கீழ் டிராயரை இழுத்தால் ஒரு ஸ்வீட் டப்பா. எந்தத் தீபாவளிக்கு யார் கொடுத்ததோ, மேலே இருந்த மைசூர்பாகு படம் பாதி உரிந்துவிட்டது. உள்ளே பென் டிரைவ் மாதிரி நாற்பது சாமான்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, கம்பெனிப் பெயரைச் சுருக்கி எழுதி, அதன் கீழ் ஓர் எண்.

“இது என்ன நம்பர்ம்மா?”

“பாஸ்வேர்டு சார். ஒவ்வொரு தடவையும் போன் பண்ணிக் கேட்டா முதலாளிங்க சலிச்சுக்கறாங்க.”

எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் 12345678. கடையிலிருந்து வரும்போதே இருந்த எண்ணை யாரும் மாற்றியிருக்கவில்லை.

தொழில் வட்டாரத்தில் இதை ‘டிஎஸ்சி’ என்பார்கள். டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ். அதைச் சுமக்கும் அந்தப் பென் டிரைவ் சாமானுக்கு ‘டோக்கன்’ என்று பெயர். அந்த டப்பாவில் கிடந்தது நாற்பது முதலாளிகளின் கையெழுத்து. அவர்களில் ஒருவர், சிட்கோவில் ஃபவுண்டரி நடத்துபவர், எனக்கு ஒருவகையில் சொந்தம். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுத் தம் தம்பியிடம்கூடக் கொடுத்துவைக்காத மனிதர். அவரிடம் கேட்டால், “அதுங்களா, ஆடிட்டர்கிட்டயே இருக்குதுங்க தம்பி. நமக்கு அதெல்லாம் எதுக்கு?” என்கிறார்.

இந்தப் பழக்கம் தொடங்கி இருபது வருஷம் ஆகிறது. 2006-ல் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் ‘எம்சிஏ 21’ திட்டத்தைக் கொண்டுவந்து, கம்பெனிகள் தாக்கல் செய்யும் படிவங்களை இணையத்துக்கு மாற்றியது. டைரக்டர்கள் டிஜிட்டலாகத்தான் கையெழுத்திட வேண்டும் என்றானது. அப்போது கம்ப்யூட்டர் இருந்தது ஆடிட்டரிடம். ஆகவே டோக்கனும் அங்கேயே தங்கிவிட்டது. பிறகு அரசு டெண்டர், ஏற்றுமதி இறக்குமதி, பி.எஃப்., கம்பெனிகளுக்கான ஜிஎஸ்டி பதிவு என்று அதற்கு வேலை கூடிக்கொண்டே போயிற்று. டோக்கன் மட்டும் டிராயரை விட்டு வரவில்லை.

அதற்குள் என்னதான் இருக்கிறது? 1970-களில் அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் கண்டுபிடித்த ஜோடிச் சாவி வித்தை. ஒரு சாவி ரகசியம்; அது டோக்கனுக்குள். இன்னொன்று ஊரறிந்தது, அது சான்றிதழில். ஒரு பிடிஎஃப்பில் நீங்கள் கையெழுத்திடச் சொன்னதும், கணினி அந்தக் கோப்பு முழுவதையும் போட்டு அரைத்து 64 எழுத்தில் ஒரு சாறு எடுக்கிறது. பத்து லட்சம் என்ற இடத்தில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துப் பாருங்கள், சாறு அடியோடு வேறாகிவிடும். அந்தச் சாற்றை டோக்கன் தன் ரகசியச் சாவியால் முத்திரையிடுகிறது. பெறுபவர் ஊரறிந்த சாவியைக் கொண்டு சரிபார்க்கலாம். போட்டவர் யார், போட்டபின் எதுவும் திருத்தப்பட்டதா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே அடியில் பதில். பேனாக் கையெழுத்தால் இரண்டாவதைச் சொல்லவே முடியாது.

ரகசியச் சாவி டோக்கனை விட்டு வெளியே வராதபடி செய்திருக்கிறார்கள். நகல் எடுக்க முடியாது. ஆனால் டோக்கனும் எண்ணும் யார் கையில் சேர்ந்து இருக்கிறதோ அவர்தான் நீங்கள். கையெழுத்தைப் போலப் போடுவதற்குக்கூட ஆள் கொஞ்சம் பழகவேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம். போட்டால் அசலாகவே விழும்.

சட்டம் இதைத் தெரிந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. 2000 அக்டோபர் 17-ல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-வது பிரிவு, ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வது சான்றிதழ்காரரின் கடமை என்கிறது. கைமீறிப் போய்விட்டால் சான்றளித்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பிறர் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறை. சரி, அது மோசடி செய்தவருக்கு. “நான் போடவே இல்லை” என்று நீங்கள் கோர்ட்டில் நின்றால்? முறைப்படி பாதுகாக்கப்பட்ட மின்கையெழுத்தை, அதற்குரியவர் மனமறிந்து போட்டதாகவே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லையென்று காட்டும் சுமை உங்கள் தலையில். “ஸ்வீட் டப்பாவில் இருந்ததுங்க” என்பது எந்த அளவுக்கு எடுபடும் என்று தெரிந்த வக்கீலைக் கேட்டுப் பாருங்கள்.

டோக்கன் வாங்கும்போது மட்டும் கெடுபிடிக்குக் குறைவில்லை. 2021 ஜனவரியோடு இரண்டாம் வகுப்புச் சான்றிதழை நிறுத்திவிட்டார்கள். இப்போது எல்லாருக்கும் மூன்றாம் வகுப்புதான். பான், ஆதார் எல்லாம் பார்த்து, போன் கேமரா முன்னால் உங்களை உட்காரவைத்து வீடியோவும் எடுக்கிறார்கள். நம் ஃபவுண்டரிக்காரர் சட்டை மாற்றி, திருநீறு பூசி உட்கார்ந்தாராம். அத்தனை சடங்கும் முடிந்து கூரியரில் வந்த டோக்கன், உறையைக்கூடப் பிரிக்காமல் டிராயருக்குப் போய்விட்டது.

எல்லாக் காரியத்துக்கும் டோக்கன் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2008-ல் சட்டத்தைத் திருத்தி, டிஜிட்டல் கையெழுத்தோடு ‘மின்கையெழுத்து’ என்று பொதுவான ஒரு வகையையும் சேர்த்தார்கள். ஆதாரை வைத்துப் போடும் ‘இசைன்’ அதில் ஒன்று. போனுக்கு ஓடிபி வரும், அடித்தால் முடிந்தது. அந்த ஒரே கையெழுத்துக்காக ஒரு சாவி ஜோடி பிறந்து, வேலை ஆனதும் அழிக்கப்படுகிறது. சான்றிதழின் ஆயுளே 30 நிமிடம். டிராயரில் பூட்டிவைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. வேலை நியமன ஆர்டர், ஜாப் ஒர்க் ஒப்பந்தம், வாடகை இயந்திரத்துக்கான அக்ரிமென்ட் போன்றவற்றுக்கு என் கணக்கில் இது போதும். “ஓடிபி வந்துச்சுங்களா, சொல்லுங்க” என்று யாராவது போனில் கேட்டு நீங்களும் படித்துக் காட்டினால், டப்பா மூடி மறுபடி திறந்ததாகத்தான் அர்த்தம்.

உயிலும் டிரஸ்ட் பத்திரமும் இன்னும் பேனாவுக்குத்தான். பவர் பத்திரத்துக்கும் புரோநோட்டுக்கும் 2022-ல் கொஞ்சம் வழி விட்டார்கள். அதுவும் வங்கி போல ரிசர்வ் வங்கி முதலானவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குத் தருவதாக இருந்தால் மட்டும். ஸ்டாம்ப் டூட்டியும் போய்விடவில்லை. கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட் என்றாலும் கட்டவேண்டியதைக் கட்டத்தான் வேண்டும்.

வெள்ளைத் தாளில் முதலாளி போட்ட கையெழுத்தைப் போட்டோ எடுத்து, வேர்டு ஃபைலில் ஒட்டி, “டிஜிட்டல் சைன் போட்டாச்சு” என்கிற கம்பெனிகள் ஏராளம். அது படம். மின்வழியில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்பது உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பு மறுத்தால், அந்தப் படத்தை ஒட்டியது யார் என்று நிரூபிப்பதற்குள் விடிந்துவிடும். அந்தப் படத்தை வேறொரு ஃபைலில் ஒட்ட ஆபீஸ் பையனுக்குப் பத்து நொடி ஆகாது.

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் இதற்கு நேர்மாறான கூத்தைப் பார்த்தேன். மெயிலில் ஒழுங்காக டிஜிட்டல் கையெழுத்துடன் பர்ச்சேஸ் ஆர்டர் வந்திருந்தது. அதை பிரிண்ட் எடுத்து, “கையெழுத்து மொட்டையா இருக்குதே” என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, பேனாவால் ஒரு சுழி சுழித்து, ஸ்கேன் செய்து ஃபைலில் சேர்த்தார் மெர்ச்சன்டைசர். அசல் பிடிஎஃப், மெயில்பெட்டி நிரம்பிய ஒருநாள் அழிக்கப்பட்டது. கையெழுத்து இருந்தது அந்தக் கோப்புக்குள். தாளில் விழுந்தது அதன் நிழல்.

அவர் சந்தேகத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. டவுன்லோடு செய்த ஆதாரைத் திறந்து பாருங்கள், கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி நிற்கும். அரசாங்கமே போட்ட கையெழுத்துக்குக் கேள்விக்குறியா என்று யாருக்கும் தோன்றும். குறை கையெழுத்தில் இல்லை. இந்தியாவின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் வழங்கும் மூலச்சான்றை பிடிஎஃப் திறக்கும் மென்பொருள் தானாக நம்புவதில்லை, அவ்வளவுதான். கையெழுத்தைச் சொடுக்கி, சான்றிதழைத் திறந்து, மேலே இருப்பது அந்தக் கட்டுப்பாட்டாளரின் மூலச்சான்றுதானா என்று பார்த்து, நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தால் பச்சை டிக் வந்துவிடும். கம்பெனியில் ஒரு ஆளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும். ஆயிரக்கணக்கில் செலவழித்து மென்பொருள் வாங்கும் கம்பெனிகள் இந்த அரைமணியை ஒதுக்குவதில்லை.

ஆள் மாறும்போது கவனம் இன்னும் தேவை. கம்பெனி பெயரும் சேர்த்து மேனேஜருக்கு டோக்கன் எடுத்துத் தருகிறோம். அவர் வேலையை விட்டுப் போகும்போது லேப்டாப், சிம் கார்டு, பைக் சாவி வரைக்கும் கேட்டு வாங்கும் கணக்குப்பிள்ளை இதை மறந்துவிடுவார். டோக்கனை வாங்கி வைத்தாலும் போதாது. சான்றளித்த நிறுவனத்துக்கு எழுதிச் சான்றிதழையே ரத்து செய்யவேண்டும்.

இதையெல்லாம் ஃபவுண்டரிக்காரரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். 42-வது பிரிவு வரைக்கும் கொட்டாவி விட்டார். 12345678 என்றதும் எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் நேரே போய் டோக்கனை வாங்கி, எண்ணை மாற்றி, பீரோவில் நிலப் பத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஆடிட்டருக்குக் கொஞ்சம் வருத்தம். உதவியாளர் பெண்ணுக்கு அதைவிட அதிகம்.

அக்டோபரில் வருஷாந்தரக் கணக்கைத் தாக்கல் செய்யும் நேரம் வந்தது. ஆடிட்டர் படிவத்தை மெயிலில் அனுப்பிவிட்டு, கடைசித் தேதி நெருங்குகிறது என்று இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். டோக்கனைச் செருகினால் லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. “டிரைவர் இருக்குதாங்க சார்?” என்று கேட்டாள் அந்தப் பெண். “அவன் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டானேம்மா” என்றார் இவர். மென்பொருளை இறக்கி முடிக்க அரைமணி ஆயிற்று.

எண்ணை அடிக்கும் கட்டம் திரையில் வந்து நின்றது. ஆள்காட்டி விரலை நீட்டியவர், மடக்கிக்கொண்டார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கூடவே வந்திருந்த பேலன்ஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்தார்.

“ஆடிட்டர் சார், இந்த ‘இதர செலவு’ன்னு போட்டிருக்கீங்களே, இது என்னதுங்க?”

அந்தப் பக்கத்தில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.