இரும்பைக் காக்கும் இடைவெளி

தெலங்கானாவிலோ மத்தியப் பிரதேசத்திலோ ஏதோ ஒரு காட்டில் போர் போட்டுக்கொண்டிருக்கும் ரிக் வண்டியின் பக்கத்தில் போய் நின்றால், காதில் திருச்செங்கோட்டுத் தமிழ் விழ நிறைய வாய்ப்பு உண்டு. வண்டியின் பதிவெண் எந்த மாநிலத்துடையதாகவும் இருக்கலாம். முதலாளியின் வீடும், அந்த வண்டியைக் கட்டிய பட்டறையும், அதன் இன்ஜினை இறக்கிப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்கும் இருப்பது திருச்செங்கோட்டைச் சுற்றிய சில மைல்களுக்குள்தான். நாமக்கல், சங்ககிரி லாரிகளையும் சேர்த்துக்கொண்டால், இந்தச் சமவெளி டீசல் இன்ஜினை நம்பிப் பிழைக்கும் பூமி என்றே சொல்லலாம்.

அந்த இன்ஜின்களில் மிகக் கடுமையாக உழைப்பது ரிக்கின் கம்ப்ரஸரை ஓட்டும் இன்ஜின். துளைக்குள் இறங்கும் ராடுகளின் நுனியில் ஹேமர் இருக்கிறது. அதை அடிக்க வைப்பது மேலேயிருந்து வரும் அழுத்தக் காற்று. உடைந்த கல்துகளைப் பல நூறு அடி ஆழத்திலிருந்து மேலே ஊதித் தள்ளுவதும் அதே காற்றுதான். சாலையில் ஓடும் லாரி இன்ஜினுக்கு இறக்கத்திலும் சிக்னலிலும் கொஞ்சம் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். ரிக் இன்ஜினுக்கு அது இல்லை. ஒரே இடத்தில் நின்றபடி, தானே கிளப்பிய கல்தூசிக்கு நடுவில், மணிக்கணக்கில் முழுப் பாரத்தில் ஓடுகிறது. அதனால்தான் அதன் வயதைக் கிலோமீட்டரில் சொல்லாமல் மணிக்கணக்கில் சொல்கிறார்கள்.

இப்படி ஓடும் இரும்பு ஏன் ஒரே வாரத்தில் தேய்ந்து தீர்ந்துபோகவில்லை?

ரிக் கம்ப்ரஸர், ஜெனரேட்டர் ஆட்களுக்கு நன்றாகப் பழக்கமான கம்மின்ஸ் என்டி 855 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், ஐந்தரை அங்குல போர், ஆறு அங்குல ஸ்ட்ரோக். பெருக்கிப் பார்த்தால் மொத்தக் கொள்ளளவு 855 கன அங்குலம், அதாவது 14 லிட்டர். பெயரிலேயே அளவு இருக்கிறது. நம் ஊர் டாடா 697-ம் அப்படித்தான்: 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். இந்த 855 நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஆறு அங்குலம் ஏறி ஆறு அங்குலம் இறங்குகிறது. மணிக்கு 27 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் சிலிண்டரின் உட்குழாயான லைனரின் சுவரை உரசியபடி அது பயணம் செய்கிறது. 14,000 மணி நேரம் ஓடினால் ஒரு பிஸ்டன் கடந்த தூரம் 3,84,000 கிலோமீட்டர். நிலவு நம்மிடமிருந்து இருக்கும் சராசரித் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தத் தூரத்துக்குள் பிஸ்டன் 252 கோடி முறை நின்று திரும்பியிருக்கும். இவ்வளவுக்கும் பிறகு லைனர் சுவர் தேய்ந்திருக்கலாம் என்று அனுமதிக்கப்படுவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு.

பாரத்தையும் பார்க்க வேண்டும். டீசல் இன்ஜினில் தீப்பொறி வைக்கும் பிளக் கிடையாது. காற்றைப் பதினைந்து, பதினேழு மடங்கு நெருக்கும்போது அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜின், எரிபொருளின் ஆற்றலில் சுமார் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இன்ஜின்களால் எட்ட முடியாத கணக்கு அது. அந்தத் திறனுக்கு விலை அழுத்தம். எரியும் நொடியில் சிலிண்டருக்குள் 100 பார் அழுத்தம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஐந்தரை அங்குலப் பிஸ்டன் மேல் விழும் பாரம் 15 டன்னைத் தாண்டுகிறது. 2018 வரை இரண்டு அச்சு லாரிக்குச் சரக்கோடு சேர்த்துச் சட்டம் அனுமதித்த மொத்த எடையே 16.2 டன்தான். ஏறக்குறைய அத்தனையும் ஒரே பிஸ்டன் மேல், நிமிடத்துக்கு 750 முறை இறங்குகிறது. அங்கிருந்து கனெக்டிங் ராடு வழியாகக் கிராங்க்கைப் பிடித்திருக்கும் மெல்லிய செல் பேரிங்குக்குப் போகிறது.

அந்தப் பேரிங்கும் கிராங்க்கும் நேரடியாக உரசினால் சில நிமிடங்களில் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்ளாமல் இருப்பதன் காரணம், ஏறக்குறைய தற்செயலாகத்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. 1883-ல் லண்டனில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும் துளை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். எண்ணெய் தக்கையைத் தள்ளியது. மரக்கட்டை வைத்து அடித்தார். அதுவும் வெளியே வந்தது. பிறகு ஒரு பிரஷர் கேஜைப் பொருத்தினார். பேரிங் மேல் இருந்த சராசரிப் பாரம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. கேஜின் முள்ளோ 200-ஐத் தொட்டு அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. எண்ணெய் அச்சை வழவழப்பாக்குவதோடு நிற்கவில்லை, பேரிங்கையே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது.

அதன் கணிதத்தை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். பாரம் ஏறிய அச்சு பேரிங்கின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் ஆப்பு வடிவில் இடைவெளி உண்டாகிறது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்து அந்தக் குறுகலுக்குள் திணிக்கிறது. தப்பிக்க இடமில்லாத எண்ணெயின் அழுத்தம் உயர்ந்து அச்சைத் தூக்குகிறது. மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போகும் வண்டியின் டயர் தரையைத் தொடாமல் மிதப்பதும் இதே விதியால்தான். கிராங்க்கின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்றால், பேரிங்குக்கும் அதற்கும் இடையில் விடும் இடம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள். அச்சு சாய்ந்து நிற்கும் பக்கத்தில் எண்ணெய்ப் படலத்தின் கனம் சில மைக்ரான்களே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனமே 70 மைக்ரான் அளவில் இருக்கும்.

இன்ஜின் வேலை என்றால் தேய்ந்த இரும்பை மாற்றும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். என் பார்வையில் அது இடைவெளிகளைத் திருத்தும் வேலை. பட்டறையில் இருக்கும் பெரிய பெரிய எந்திரங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சில மைக்ரான் இடத்துக்காகத்தான் ஓடுகின்றன.

எண்ணெய்ப் படலம் உருவாக அசைவு வேண்டும் என்று பார்த்தோம். பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. அழுத்தமும் சூடும் உச்சத்தில் இருப்பதும் ஏறக்குறைய அதே கணத்தில்தான். படலம் அங்கே கிழிகிறது, பிஸ்டனைச் சுற்றிய ரிங்கும் லைனரும் உரசுகின்றன. ஆகவே லைனர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் அதிகமாகத் தேய்ந்து, விரல் நகத்தில் தட்டுப்படும் ஒரு படி விழுகிறது. எரிந்த வாயு கீழே கசிந்து பேக் கம்ப்ரஷன் அடிப்பதும், ஆயில் குடிப்பதும், நீலப் புகை வருவதும் இதற்குப் பிறகுதான்.

தூசியும் சேர்ந்துகொண்டால் தேய்மானம் பல மடங்கு. நம் பக்கத்துப் பாறைகளில் குவார்ட்ஸ் நிறைய. மோஸ் கடினத்தன்மைக் கணக்கில் அதற்கு 7. இன்ஜினுக்குள் இருக்கும் வார்ப்பிரும்பையும் எஃகையும் சாதாரணமாகக் கீறிவிடும். கண்ணில் உறுத்தும் பெரிய மண்துகள் ஏர் ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும். ஆபத்து ஐந்து, பத்து, இருபது மைக்ரான் துகள்களில்தான் இருக்கிறது. அவை படலத்தின் கனத்தை ஒத்தவை அல்லது சற்றுப் பெரியவை. ஆகவே இடுக்கில் நுழைந்து இரண்டு பக்கமும் சுரண்டுகின்றன. காற்றுக் குழாயை வைத்து ஃபில்டரை ஓங்கி ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. அந்தக் காற்றில் காகிதத்தில் விழும் ஓர் ஊசித்துளை போதும், இன்ஜினின் ஆயுளைக் குறைக்க.

பிரித்த இன்ஜினை முதலில் கழுவுகிறார்கள். பிறகு அளக்கிறார்கள். அளப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தே நல்ல பட்டறையைக் கண்டுபிடித்துவிடலாம். லைனருக்குள் போர் டயல் கேஜை இறக்கி மேலே, நடுவே, கீழே என்றும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாகவும் அளவெடுக்க வேண்டும். வட்டம் நீள்வட்டமாகியிருக்கிறதா, மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். 1770-களில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இன்ஜினுக்கு 50 அங்குல சிலிண்டரை ஜான் வில்கின்சன் குடைந்து கொடுத்தபோது, பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்குள் இருக்கிறது என்று வாட்டின் பங்காளி போல்ட்டன் பெருமையாக எழுதினார். இன்று ஒரு நாலு ரோட்டுப் பட்டறையில் அந்த அளவுக்குப் பிழை விட்டால் வேலை திரும்பி வந்துவிடும்.

அளந்த பிறகு சிலிண்டரைக் குடைந்து சீராக்கும் போரிங். அது முடிந்ததும் ஹோனிங். எனக்கு அடங்காத வியப்பு தருவது இந்த இடம்தான். சிலிண்டரைக் கண்ணாடி போல வழவழப்பாக்கினால் நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் எண்ணெய் சுவரில் தங்காது. அதனால் ஹோனிங் கற்களைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்டி, ஒன்றை ஒன்று சாய்வாக வெட்டும் மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போடுகிறார்கள். கீறல்களின் பள்ளத்தில் எண்ணெய் தங்குகிறது, மேட்டில் ரிங் அமர்கிறது. கோணம் தட்டையாகிப்போனால் எண்ணெய் அதிகமாக எரியும், செங்குத்தாகிப்போனால் சுவர் காய்ந்துவிடும். பல ஆயிரம் மணி நேரம் ஓட வேண்டிய இன்ஜினின் விதியைக் கையெழுத்தாகப் போட்டுத் தருவது அந்தக் கீறல்கள்.

கிராங்க்கை அரைத்துத்தான் சரிசெய்ய முடியும். பேரிங்குக்குள் சுழலும் பகுதியான ஜர்னல் தேய்ந்திருந்தால், அதன் விட்டத்தைக் கால் மில்லிமீட்டர் குறைத்து அரைத்து, அதற்கு ஈடாகக் கனம் கூடிய பேரிங்கைப் போட்டு இடைவெளியைப் பழையபடி கொண்டுவரலாம். பட்டறைக் கணக்கில் அது பத்து. அடுத்து இருபது, முப்பது, நாற்பது. அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று அர்த்தம். அதோடு அந்தக் கிராங்க்கின் கதை பெரும்பாலும் முடிந்துவிடும். அரைக்கும்போது ஜர்னல் ஓரத்தில் இருக்கும் வளைவைக் கெடுத்துவிடக் கூடாது. 1842-ல் வெர்சாய் அருகே ரயில் இன்ஜினின் அச்சு முறிந்து பெரும் உயிரிழப்பு நேர்ந்தது. மறு ஆண்டே வில்லியம் ராங்கின் என்ற இளம் பொறியாளர், இத்தகைய முறிவுகள் கூர்மையான மூலைகளில் தொடங்கி மெல்ல உள்ளே பரவுவதை எடுத்துக் காட்டினார். அந்தப் பாடம் கிராங்க்குக்கும் பொருந்தும். அளவு மிகச் சரியாக இருந்தும் மூலை கூர்மையாகிவிட்டால், ஒருநாள் பாரத்தில் ஓடும்போது கிராங்க் இரண்டாகும். காந்தமேற்றி இரும்புத்தூளைத் தெளித்துப் பார்க்கும் சோதனையில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பின் மேல் தூள் கோடாகச் சேர்ந்து நிற்கும். செலவு சொற்பம். எந்தப் பெரிய கிராங்க்கையும் அதைச் செய்யாமல் அரைக்கவே கூடாது என்பேன்.

வெளியே தண்ணீர் சூழ்ந்திருக்கும் லைனர்களுக்கு வேறொரு நோய் வரும். பிஸ்டன் பக்கவாட்டில் அடிக்கும்போது லைனர் மணிபோல அதிர்கிறது. அதிர்வில் சுவரை ஒட்டிய தண்ணீரில் நுண்குமிழிகள் தோன்றி, உடனே உடைகின்றன. ஒவ்வொரு உடைப்பும் இரும்பில் ஒரு துளி இடத்தைக் கொத்தி எடுக்கிறது. நாளடைவில் லைனரின் வெளிப்புறம் ஊசியால் குத்தியதுபோல் துளைபட்டு, தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். சரியான கூலன்ட் சுவரின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் பூச்சை விடாமல் புதுப்பித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாகப் போர்வெல்லின் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அந்தப் பாதுகாப்பு போகும். கூடவே உப்புப் படிவம் ஏறி, சூட்டை வெளியே விடாமல் தடுக்கும்.

இத்தனை பாடுபட்டு ஏன் பழைய இன்ஜினைப் புதுப்பிக்க வேண்டும்? காசு மிச்சம் என்பது முதலாளிகளுக்குத் தெரியும். பூமிக்கும் அது மிச்சம். பிளாக்கையும் கிராங்க்கையும் வார்த்து அடித்து உருவாக்கச் செலவான நெருப்பு அப்படியே அந்த இரும்புக்குள் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் கார் இன்ஜின்களை வைத்துக் கணக்கிட்டபோது, முறையாக மறு உற்பத்தி செய்த இன்ஜினுக்குப் புதியதைவிட 68 முதல் 83 விழுக்காடு குறைந்த ஆற்றலே தேவைப்பட்டது. திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் சேலத்திலும் கிரைண்டிங் எந்திரத்தின் முன்னால் நாள் முழுக்க நிற்பவர்கள் செய்வது அந்தச் சேமிப்பைத்தான். எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வருவதில்லை. வர வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. புதுப்பித்து வந்த இன்ஜினை ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிட்டுப் பழக்காதீர்கள். எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அமுக்கினால்தான் ரிங் அமரும். அதற்கு மிதமான பாரம் வேண்டும். பாரமே இல்லாமல் ஓடினால் ஹோனிங் கீறல்களின் மேல் எண்ணெய் கருகிப் பளபளவென்று மெழுகிவிடும். பில்லோடு சேர்த்து அளவுச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு லைனரின் அளவு, ஒவ்வொரு ஜர்னலின் அளவு, பேரிங் இடைவெளி. அடுத்த முறை இன்ஜினைப் பிரிக்கும்போது எது எவ்வளவு தேய்ந்தது என்பதை அந்த ஒரு தாள்தான் சொல்லும்.